நம் ஆளையே துரத்திய கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த 80 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் ஒன்றில், என் குழுவைச் சேர்ந்த ஒருவரையே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் விரட்டிச் சென்று பிடித்தேன். அன்று கால் நன்றாக இருந்தது. கைப்பிடியில் மாட்டியிருந்த கருவி காட்டிய வாட்ஸ் கணக்கை, அதாவது என் மிதியின் வலுவை, பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. என் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வந்த முப்பது பேரில் ஒருவரும் முன்னே வந்து கைகொடுக்கவில்லை என்பதுகூட, அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டாகவே பட்டது. அவர்கள் எதற்கு வர வேண்டும்? அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையை அவர்களுக்காக நான் செய்துகொண்டிருந்தேன்.

நாங்கள் நால்வர். ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில், தம்பி ஒருவன் அப்போது கல்லூரியில் இறுதியாண்டு, நான் தணிக்கை அலுவலகத்தில். வாரத்தில் மூன்று நாள் அதிகாலை நாலே முக்காலுக்கு அக்கரைச் சந்திப்பில் கூடி, முட்டுக்காடு, கோவளம் வழியாகப் போய்விட்டு அலுவலக நேரத்துக்குள் வீடு திரும்புகிறவர்கள். அந்தப் பந்தயத்துக்காக முதல்முறையாக ஒரே மாதிரி ஜெர்சி தைத்துக்கொண்டோம். ஜெர்சியின் நிறத்தைப் பற்றி மூன்று வாரம் விவாதம் நடந்தது. பந்தயத்தை எப்படி ஓட்டுவது என்பதை முந்தைய நாள் இரவு, பரோட்டா மேசைக்கு வருவதற்குள் பேசி முடித்துவிட்டோம். “யாருக்குக் கால் நல்லா இருக்கோ, அவருக்காக மத்தவங்க உழைக்கலாம்” என்பதே எங்கள் முடிவு. கேட்க நன்றாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு: பந்தயத்தின் முதல் மணி நேரத்தில் நால்வருக்குமே தம் கால்தான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

சாலைப் பந்தயத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, இதில் குழுவுக்கு என்ன வேலை, வலுவுள்ளவர் வெல்லப் போகிறார், அவ்வளவுதானே என்று தோன்றுவது இயல்பு. அந்தக் கணக்கைக் காற்றுதான் மாற்றுகிறது. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. அந்தச் செலவு வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்வதால், 36 கிலோமீட்டரிலிருந்து 40க்குப் போவதற்குள் காற்றுக்குக் கட்ட வேண்டிய கப்பம் 37 விழுக்காடு கூடிவிடுகிறது. ஒருவருடைய பின்சக்கரத்தை அரை மீட்டர் இடைவெளியில் பிடித்துக்கொண்டு போகிறவர் அந்தக் கப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போலத் தப்பித்துக்கொள்கிறார். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கனின் குழுவினர், 121 பேர் நெருக்கமாக அணிவகுத்துச் செல்லும் ஒரு கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் புதைந்திருப்பவர் சந்திக்கும் காற்றுத்தடை, அவர் தனியாக ஓட்டும்போது சந்திப்பதில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே என்றார்கள். எங்கள் பந்தயங்களில் அவ்வளவு பேர் வருவதில்லை, வருகிறவர்களும் அவ்வளவு ஒழுங்காக ஓட்டுவதில்லை. ஆனாலும் கூட்டத்துக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே 40இல் போக முடிகிறபோது, அதே வேகத்தில் தலைமாட்டில் இருப்பவர் நாக்குத் தள்ளிக்கொண்டிருப்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஊரே காற்று வாங்க வருகிறது. எங்கள் ஆட்டத்தில் மட்டும் காற்று வாங்குகிறவன் தோற்கிறவன்.

இதனால் வரும் சிக்கல் எளிமையானது. முன்னே இரண்டு மூன்று பேர் பிரிந்து போய்விட்டால், அவர்களைப் பிடிக்கும் வலு கூட்டத்துக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்த வலுவை யார் செலவிடுவது? முன்னே போய் உழைக்கிறவர் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகிறார், கடைசியில் அவர் முதுகுக்குப் பின்னால் இளைப்பாறி வந்தவர் அவரைத் தாண்டி வெல்கிறார். தேர்வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர்கள் நூறு பேர், உண்மையில் இழுப்பவர்கள் பத்துப் பேர் என்பார்களே, அதே நிலைதான். பிரிந்து போனவர்கள் தப்பிப்பது பெரும்பாலும் தம் கால்பலத்தால் அன்று, பின்னால் இருப்பவர்களின் கணக்குப் பார்க்கும் குணத்தால். குழு என்பது இந்தக் கணக்கைத் தனக்குச் சாதகமாகத் திருப்பும் கருவி. என் ஆள் முன்னே இருந்தால், பின்னால் இருக்கும் நான் துரத்த வேண்டியதில்லை. அது சோம்பலாகாது, அதுதான் என் வேலை.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பந்தயக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, வாயால் ஓட்டுவதில் எங்கள் நால்வரில் நானே முதல்வன். நடந்தது இதுதான். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும் வழித்தடம். திருப்பத்துக்குப் பிறகு சில கிலோமீட்டரில், சாலையின் குறுக்கே இரண்டு காவல்துறைத் தடுப்புகள் முன்னும் பின்னுமாக வைக்கப்பட்டிருந்தன. வண்டிகள் வளைந்து நெளிந்து போக வேண்டிய அமைப்பு. முதலில் நுழையும் ஐந்து பேர் வேகம் குறையாமல் வளைந்து வெளியே போய்விடுவார்கள், பத்தாவது ஆள் பிரேக்கைத் தொட வேண்டும், இருபதாவது ஆள் ஏறத்தாழ நின்றுவிடுவார். அவர் மறுபடி வேகமெடுத்து முன்னால் போனவர்களைப் பிடிப்பதற்கு நூறு மீட்டர் ஓட்டப் பந்தயமே ஓட வேண்டும். எனவே தடுப்பு கண்ணில் பட்டதும் முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட வேண்டும் என்பது இந்தச் சாலையில் ஓட்டும் எவருக்கும் அரிச்சுவடி. நான் இருபதாவது ஆளாக, ஒரு கையில் தண்ணீர்க் குப்பியோடு இருந்தேன்.

எங்கள் கல்லூரித் தம்பி இரண்டாவது ஆளாக அதற்குள் நுழைந்து, வெளியே வந்ததும் எழுந்து மிதித்திருக்கிறான். வேறு இரண்டு குழுக்களிலிருந்து ஆளுக்கொருவர் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். இதைவிட நல்ல அமைப்பைத் திட்டம் போட்டும் உருவாக்க முடியாது. மூன்று வெவ்வேறு ஜெர்சிகள் முன்னே. பின்னால் இருக்கும் முப்பது பேரில் அந்த மூன்று குழுக்களையும் சேர்ந்த பத்துப் பேருக்குத் துரத்த வேண்டிய தேவையே இல்லை. மிச்சம் இருபது பேர் ஒருவரையொருவர் பார்த்து “நீ போ, நீ போ” என்று சொல்லிக்கொண்டே பத்துக் கிலோமீட்டரைக் கடத்தியிருப்பார்கள்.

எனக்குக் கேட்டது “மூணு பேர் போயிட்டாங்க” என்ற குரல் மட்டும். யார் அந்த மூவர் என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கவாட்டில் ஏறி முன்னே வந்து, தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கத் தொடங்கினேன். சில நிமிடங்களில் வங்கி நண்பர் மூச்சிரைக்க என் அருகில் வந்து கத்தினார். தலைக்கவசத்தில் மோதும் காற்றின் இரைச்சலில் எனக்குக் கேட்டது ஒரே சொல்: “...முன்னாடி!” என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் வேகம் கூட்டினேன். அவர் சொன்னது, “டேய், நம்ம ஆளுடா முன்னாடி!”

இடைவெளி சுருங்கி, முன்னே போகிறவர்களின் முதுகு தெரிந்தபோதுதான் அந்த நிறம் கண்ணில் பட்டது. மூன்று வாரம் விவாதித்துத் தேர்ந்தெடுத்த அதே நிறம். அந்த இடத்திலாவது காலை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் இடைவெளி நூறு மீட்டர்கூட இல்லை, என் பின்னால் இருந்தவர்கள் தாமே தாவி மூடிவிட்டார்கள். தம்பி திரும்பிப் பார்த்து, “அண்ணா, நீங்களா?” என்று மட்டும் கேட்டான். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. பிடிபட்ட மறுகணமே, அதுவரை கூட்டத்தின் நடுவில் சுகமாக வந்த ஒரே குழுவின் இருவர் வலப்பக்கமாகப் பாய்ந்து போனார்கள். அவர்களைத் துரத்தக் கால் மிச்சமுள்ளவர் யாரும் எங்கள் பக்கம் இல்லை. முதல் இரண்டு பரிசும் அவர்களுக்கே போயின. நான் பதினோராவது. தம்பி எத்தனையாவது என்று கேட்கும் துணிவு எனக்கு அன்று வரவில்லை.

அன்று மாலை முழுவதும் என் நினைவில் ஓடியது டோக்கியோ ஒலிம்பிக். 2021 ஜூலை 25 அன்று நடந்த மகளிர் சாலைப் பந்தயத்தில், 137 கிலோமீட்டர் தூரத்துக்குத் தொடக்கக் கொடி அசைந்ததுமே முன்னே பாய்ந்தவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் ஆய்வுப் பணியில் இருந்தவர், அந்த நாளில் எந்தத் தொழில்முறைக் குழுவின் ஒப்பந்தமும் இல்லாதவர். சுருங்கச் சொன்னால் எங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டுகிறவர், கால் மட்டும் வேறு. அவரோடு சேர்ந்து போன நால்வரும் பின்தங்க, 40 கிலோமீட்டர் போல மிச்சமிருக்கையில் தனியாளானார். பின்னால் இருந்த கூட்டத்தில் நெதர்லாந்துக்காக ஆனமீக் ஃபான் ஃபிளூட்டன், அன்னா ஃபான் டெர் பிரெகன், மரியானா ஃபோஸ், டெமி ஃபோலரிங் என்ற நால்வர். உலகில் அவர்களைவிட வலுவான ஒரு நால்வர் அணியைச் சேர்ப்பது கடினம். ஒரு கட்டத்தில் பத்து நிமிடத்துக்கும் மேல் இடைவெளி போனபோதும் கூட்டம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. கடைசிக் கிலோமீட்டர்களில், அந்த நால்வரில் மிச்சமிருந்த இருவரைப் பிடித்ததும், முன்னே யாருமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஃபான் ஃபிளூட்டன் கூட்டத்திலிருந்து பிரிந்து, இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு கோட்டைக் கடந்தார். கீசன்ஹோஃபர் அதற்கு 75 வினாடிகளுக்கு முன்பே கோட்டைக் கடந்திருந்தார்.

உலகச் சாம்பியன்களுக்கே முன்னே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை தவறும் என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதல். ஆனால் அவர்கள் தவறியதற்கும் நான் தவறியதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. எனக்குச் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

மறுவாரம் முதல் எங்கள் பயிற்சியில் வாட்ஸ் கணக்கை மூட்டை கட்டிவிட்டு மூன்று காரியங்களைச் செய்தோம். முதலாவது, சத்தம் போடுவது. பள்ளம், மாடு, ஸ்பீட் பிரேக்கர் என்று ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தோம். அதோடு முன்னே யார் போனாலும் அவருடைய ஜெர்சி நிறத்தைக் கத்துவது என்று வைத்துக்கொண்டோம். இரண்டாவது, ஒருவர் பின் ஒருவராகச் சுழன்று முன்னே வருவது. இதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: தம் முறை வந்து தலைமாட்டுக்கு வந்ததும் இரண்டு கிலோமீட்டர் வேகம் கூட்டிவிடுவார்கள். தாம் உழைப்பதைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. அப்போதுதான் முறை முடிந்து வால்பக்கம் போய்க்கொண்டிருப்பவர், களைத்த கால்களோடு அந்தக் கூடுதல் வேகத்தைப் பிடிக்க முடியாமல் பிய்ந்து போவார். கருவியில் 38 என்று இருந்தால், முன்னே வந்த பிறகும் 38தான் இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பழக எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று, அதிலும் கடைசியாகப் பழகியவன் நானே.

மூன்றாவதுதான் கடினமானது: மிதிக்காமல் இருப்பது. முன்னே நம் ஆள் இருக்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது சக்கரத்தில், அதாவது வரிசையில் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆளாக, உட்கார்ந்துகொண்டு, யார் துரத்தப் புறப்பட்டாலும் அவர் பின்னால் ஒட்டிக்கொள்வது, நம் முறை வரும்போது உழைக்க மறுப்பது. இதில் கையாலோ பிரேக்காலோ செய்ய வேண்டியது எதுவுமில்லை. குறுக்கே வளைத்து ஓட்டுவதையும் வேண்டுமென்றே பிரேக் பிடிப்பதையும் தந்திரம் என்று சொல்லிக்கொள்கிற சிலரை எங்கள் பந்தயங்களில் பார்த்திருக்கிறேன். அது அடுத்தவர் தோள்பட்டையை உடைக்கும் வேலை, அதற்கு வேறு பெயர் தேவையில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பதன் கடினம் உடம்பில் இல்லை, காதில் இருக்கிறது. ஓசிச் சவாரி என்பார்கள், கால் இல்லையா என்பார்கள், பதிவுக் கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். தொழில்முறையில் இதைச் செய்கிறவருக்குச் சம்பளம் உண்டு. இங்கே நாம் பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்து, திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலைப் பாதையில் இவற்றில் பெரும்பாலானவை உதவா என்பதையும் சொல்லிவிட வேண்டும். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எங்களைப் போன்றவர்களின் வேகம் பத்தைத் தொட்டாலே பெரிய காரியம். அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே குழு என்பது, தண்ணீர் மிச்சமிருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுப்பது, அவ்வளவுதான்.

மறு ஆண்டு அதே சாலையில், ஜூலையில் இன்னொரு பந்தயம். இந்த முறை பரோட்டாவுக்கு முன்பும் பின்பும் பேசினோம். ஜூலை மாதத்தில் இந்தக் கரையில் விடியற்காலைக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தமிழில் கோடை என்று பழம்பெயர், மேல்காற்று என்றும் சொல்வார்கள். தெற்கே போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து அறையும். பக்கக்காற்றில் மறைவு, முன்னால் போகிறவரின் நேர் பின்னால் இல்லை, அவருக்குச் சற்றுப் பின்னே இடப்பக்கத்தில் இருக்கிறது. அதனால் முதல் ஆள் வலப்பக்கம் போக, அடுத்தடுத்தவர்கள் படிப்படியாக இடப்பக்கம் சாய்ந்து, விசிறியை விரித்தாற்போல் சாலையின் குறுக்கே அணிவகுப்பார்கள். எங்களுக்கு ஒதுக்கிய பாதி அகலத்தில் அந்த விசிறிக்குள் ஏழெட்டுப் பேருக்குத்தான் இடம். ஒன்பதாவது ஆள் சாலையின் இடது ஓரத்தில், மறைவு எதுவுமின்றித் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அவருக்குப் பின்னால் வருகிறவர்களின் கதியும் அதே.

பாலாற்றுப் பாலத்தில் மரமோ வீடோ சுவரோ கிடையாது, ஆற்றின் அகலம் முழுவதும் திறந்த வெளி. அங்கே காற்று அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாலம் வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே முதல் எட்டு இடத்துக்குள் நால்வரும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து வந்தவர்கள் நாங்களும் இன்னொரு குழுவும் மட்டும். மென்பொருள் நண்பர் முதலில் வலது ஓரத்துக்குப் போனார். நான் அவருக்கு இடப்பக்கம், என் முன்சக்கரம் அவருடைய மிதிகட்டைக்கு நேராக. வேகம் கூட்டவில்லை, 40இலேயே சுழன்றோம். பாலத்தின் மறுமுனையில் திரும்பிப் பார்த்தபோது எங்கள் எட்டுப் பேருக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் வெறும் தார்ச்சாலை, அதற்குப் பின்னால் நூல் பிடித்தாற்போல் ஓரத்தில் தொங்கும் மற்றவர்கள். அதன் பிறகும் விடாமல் சுழன்றோம். எண்ணிப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டு குழு, ஆளுக்கு நால்வர் என்று ஆனதும் ஆட்டம் சதுரங்கம் போலாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் எங்கள் தம்பி நழுவினான், எதிர்க்குழுவிலிருந்து ஒருவர் அவனோடு போனார். மீதி இருந்த நாங்கள் மூவரும் அவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தோம். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அந்த நிம்மதியில் நாங்கள் மறந்தது, பின்னால் சிதறியவர்கள் ஒன்றுசேர்ந்து வருவதை. பத்துக் கிலோமீட்டர் இருக்கையில் இருபது பேர் எங்களை வந்து சேர்ந்தார்கள். வந்த வேகத்தில் முன்னே போன இருவரையும் பிடித்துவிடப் பார்த்தார்கள். நான் மூன்றாவது சக்கரத்தில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் வந்த பெரியவர் ஒருவர் முழங்கையை ஆட்டினார், முன்னே வா என்ற சைகை. நான் அசையவில்லை. “ஏன் சார், கால் நல்லாத்தானே இருக்கு, ஒரு புல் எடுக்கலாமே?” என்றார். கொஞ்ச நேரம் முன்னே வந்து இழுப்பதைத்தான் புல் என்பார்கள். “முன்னாடி எங்க ஆள் இருக்கான் சார்” என்றேன். அவர் என் ஜெர்சியைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தாமே முன்னே போனார். கால் நன்றாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டைவிட நன்றாக இருந்தது. அதைத் தொடைக்குள் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பதினைந்து நிமிடத்தைப் போல நீண்ட நேரத்தை நான் சைக்கிள் மேல் கழித்ததில்லை.

தம்பி இரண்டாவதாக வந்தான். கடைசி இருநூறு மீட்டரில் எதிர்க்குழுக்காரர் அவன் பின்னாலிருந்து வெளியேறித் தாண்டிவிட்டார். முதலாவதாக வந்திருக்கலாம், ஸ்பிரிண்டை, அதாவது கடைசிப் பாய்ச்சலை, சீக்கிரம் தொடங்கிவிட்டான். அதைச் சரிசெய்வது தனிக் கதை, பாய்கிறவரை அதுவரை முன்னே நின்று இழுத்துக்கொண்டு போய் விடும் லீட் அவுட் என்ற பெயரில் நாங்கள் மூன்று முறை முயன்று மூன்று முறையும் கெடுத்திருக்கிறோம். பரிசுப் பணம் ஐயாயிரம். வழியில் பொங்கலும் வடையும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை நான்காகப் பிரித்துக்கொண்டோம். நான் வேண்டாமென்று சொன்னதற்கு, “போன வருஷக் கணக்கு இன்னும் பாக்கி இருக்குண்ணா, அதுல கழிச்சுக்கிட்டேன்” என்று தம்பி என் பங்கில் நூறு ரூபாயைக் குறைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது அம்மா கேட்டார், “எத்தனாவதா வந்தே?”

“இருபத்து மூணு.”

“போன தடவை பதினொண்ணுன்னு சொன்னியே?” என்றார்.